நாள் விட்டு ஒரு நாள்

பிசியோதெரபி அறையில் அந்தப் பெண் ஒரு மஞ்சள் நிற ரப்பர் பட்டையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். ஒன்றரை மீட்டர் நீளம் இருக்கும். அகலம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அம்மா அதை இடது கையால் வாங்கினார். இழுத்துப் பார்க்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"இது நம்ம பாலுய்யா" என்றார் என்னிடம்.

நான் அந்தப் பெண்ணிடம் மலாயில் கேட்டேன். ஆமாம், இயற்கை ரப்பர் பாலில் செய்ததுதான் என்றார். அம்மாவுக்கு அப்போது வயது 74. கடைசியாக ஒரு பால்மரத்தை வெட்டி முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த வாசனை மறக்கவில்லை.

வலது தோளில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்து அன்றோடு பன்னிரண்டு வாரங்கள். அதுவரை நடந்தவை எல்லாம் தோளைப் பாதுகாக்கும் பயிற்சிகள். அன்று முதல்தான் தோளைப் பலப்படுத்தும் பயிற்சிகள் தொடங்கின. அந்த மஞ்சள் பட்டை எங்கள் வீட்டில் என்னவெல்லாம் செய்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெற்றோருக்கு இப்படி ஓர் அறுவை சிகிச்சை நடந்து, பயிற்சித் தாளை ஐஸ்பெட்டியில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது உதவக்கூடும். நானும் அப்படித்தான் ஒட்டிவிட்டுப் போனேன்.

தோள் தேய்ந்த கதை

அம்மா சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 14 வயதில், 1964-இல், உளி பிடித்தார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குவார். நானூறு, ஐந்நூறு மரங்கள். வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓடாது. பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, வலது தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே நிறுத்து எழுதுவார்கள். எடைக்கு ஏற்றபடிதான் கூலி.

என் தமிழ்ப்பள்ளிச் சீருடை, பிறகு ஈப்போவில் இடைநிலைப்பள்ளிக்குப் பேருந்துக் காசு, அதற்கும் பிறகு என் கல்லூரிக் கட்டணம் எல்லாமே அந்தக் காண்டாவில்தான் வந்தன.

தோட்டத்தில் பால்மரங்களை அழித்துச் செம்பனை போட்டார்கள். பிறகு லயங்களும் காலியாயின. அம்மாவும் அப்பாவும் சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டிய ஒரு மலிவுவிலை வீட்டுக்குக் குடிபோனார்கள். அப்பா காலமான பிறகும் அம்மா அந்த வீட்டை விட்டு வரவில்லை. வாசலில் கறிவேப்பிலை, பின்னால் இரண்டு முருங்கை, பக்கத்து வீட்டில் பழைய தோட்டத்துக் கூட்டாளிகள். ஈப்போவில் என் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம்தான். ஆனால் "ஒன் வீட்டுல எனக்கு என்னய்யா வேலை?" என்பதே அவருடைய பதில்.

தோள்வலி வந்து பல வருடங்கள். தைலம், ஒத்தடம், சீனன் மருந்துக்கடைப் பிளாஸ்திரி என்று ஓட்டினார். ஒரு நாள் நான் போனபோது தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். என் நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மாவைக் கொண்டை இல்லாமல் பார்த்ததில்லை. கையைத் தலைவரைக்கும் தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து முடிந்துவிடுவதற்காகக் காத்திருந்தார்.

தோள் மூட்டைச் சுற்றி நான்கு தசைகள் இருக்கின்றன. கை தூக்கும்போது எலும்பின் பந்தைக் கிண்ணத்தின் நடுவில் பிடித்து வைப்பவை அவைதான். அம்மாவுக்கு அவற்றின் நாண்கள் கிழிந்து, பந்து மேலே ஏறி உரசி, மூட்டே தேய்ந்துபோயிருந்தது. காண்டா சுமந்ததாலா என்று கேட்டேன். வயதும் சேர்ந்திருக்கும், உழைப்பும் சேர்ந்திருக்கும், இவ்வளவு இதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

கவிழ்த்து வைத்த மங்கு

மருத்துவர் மேசை மேல் ஒரு மாதிரி மூட்டை வைத்துக் காட்டினார். நம் உடம்பில் கை எலும்பின் நுனியில் பந்தும், தோள்பட்டை எலும்பில் கிண்ணமும் இருக்கும். அம்மாவுக்குப் பொருத்தப்போவது அதற்கு நேர்மாறானது. பந்து தோள்பட்டைப் பக்கம், கிண்ணம் கைப் பக்கம். அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "மங்கைத் திருப்பி வச்சிருக்காங்க" என்றார். மழை நாளில் தண்ணீர் சேராமல் இருக்க மங்கைக் கவிழ்த்து வைப்பது தோட்டத்து வழக்கம்.

ஏன் இப்படித் திருப்பி வைக்கிறார்கள்? கிழிந்த நாண்களை நம்ப முடியாது. மிச்சம் இருக்கும் பெரிய தசை, தோளின் மேல் மூடி போட்டதுபோல் இருக்கும் டெல்டாய்டு. பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றினால் மூட்டு சுழலும் மையம் உள்ளேயும் கீழேயும் நகரும். நெம்புகோலின் பிடியை நீட்டினால் கனம் குறைந்ததுபோல் ஆகுமே, அதுபோல் டெல்டாய்டு ஒன்றே கையைத் தூக்கிவிடும். பிரான்சின் டிஜோன் நகரில் பால் கிராமோன் என்ற மருத்துவர் 1985-இல் இந்த முறையைக் கொண்டுவந்தார்.

செயற்கைத் தோளின் கதை அதற்கும் வெகு முன்பே தொடங்குகிறது. 1893-இல் பாரிஸில் ஜூல் எமில் பெயான் என்ற மருத்துவர், காசநோயால் தோள் எலும்பு அரித்துப்போன ஒருவருக்குச் செயற்கை மூட்டு பொருத்தினார். தண்டு பிளாட்டினம். அதன் தலையில் இருந்த பந்து, பாரஃபின் மெழுகில் கொதிக்கவைத்துக் கெட்டியாக்கிய ரப்பர். கிருமித் தொற்றால் இரண்டு ஆண்டுகளில் அதை எடுத்துவிட நேர்ந்தது. ஆனாலும் உலகின் முதல் செயற்கைத் தோள் ரப்பர் பந்தோடுதான் பிறந்தது.

அது மலாயா ரப்பராக இருந்திருக்காது. 1877-இல் வந்த கன்றுகளில் ஒன்பதை நம் கோலகங்சாரில் நட்டார்கள். அவற்றில் ஒன்று இன்றும் மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது. ஆனால் வியாபாரத்துக்காக முதல் ரப்பர் தோட்டம் போட்டது 1896-இல், மலாக்காவில். பெயானின் பந்துக்கு மூன்று வருடம் பிந்தி. இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நாம கொஞ்சம் லேட்டு" என்றார்.

முதல் ஆறு வாரம்

சென்ற ஆண்டு மார்ச்சில் அறுவை சிகிச்சை ஈப்போவில் முடிந்தது. அம்மா என் வீட்டுக்கு வந்தார். ஆறு வாரங்கள் கையைத் தூளியில் கட்டி வைக்க வேண்டும். வலது கையை ஊன்றி நாற்காலியிலிருந்து எழக் கூடாது. கையைப் பின்னால் கொண்டுபோகவே கூடாது. சேலைக் கொசுவத்தைப் பின்னால் இழுத்துவிடுவது, இடுப்பின் பின்பக்கம் சொறிவது எல்லாம் ஆபத்து. அப்படிக் கை பின்னால் போகும்போதுதான் புது மூட்டு நழுவ வாய்ப்பு அதிகம். படுக்கும்போது முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை. "குனிந்து பார்த்தால் முழங்கை எப்போதும் கண்ணில் பட வேண்டும்" என்று பிசியோ சொன்ன ஒரு வரியை வீடே மனப்பாடம் செய்தது.

அந்த வாரங்களில் விரலை மடக்கி நீட்டுவது, மணிக்கட்டைச் சுழற்றுவது, குனிந்து நின்று கையை ஊஞ்சல்போல் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது ஆகியவைதான் வேலை. ஆறு வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்து, துடைப்பக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையின் உதவியோடு மற்றக் கையை மேலே தூக்குவது. பிறகு உதவி இல்லாமல். பிறகு முஷ்டியைச் சுவரில் வைத்துக் கை அசையாமல் அழுத்தி ஐந்து எண்ணுவது.

"சும்மா தூக்குறதும் எறக்குறதும் ஒரு வேலையா?" என்று அம்மாவுக்குச் சலிப்பு. வாழ்நாள் முழுதும் வேலை செய்த கைக்குத் தனியாக 'உடற்பயிற்சி' என்ற ஒன்று வேண்டும் என்பதே அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

மஞ்சள் பட்டை வந்ததும் அந்தச் சலிப்பு போய்விட்டது. இழுத்தால் எதிர்த்து இழுக்கிற ஒரு பொருள். இதுதான் வேலை.

நூறு தடவை

தாளில் மூன்று பயிற்சிகள். ஜன்னல் கம்பியில் பட்டையைக் கட்டி, இரண்டு முனைகளையும் பிடித்து, தோள்பட்டை எலும்புகள் முதுகில் ஒன்றை ஒன்று நெருங்கும்படி இழுப்பது. முழங்கை உடம்பைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது. பட்டையை முன்பக்கம் தள்ளுவது. ஒவ்வொன்றும் பத்து முறை, இரண்டு சுற்று. ஒரு நாள் செய்தால் மறுநாள் ஓய்வு.

மூன்றாவது வாரம் அம்மா இரவில் தூங்கவில்லை. தோளின் உச்சியில் விரலை வைத்தாலே முகம் சுளித்தார். கேட்டால் "ஒண்ணுமில்ல, காத்துப் பட்டிருக்கும்". என் மகள்தான் உடைத்துச் சொன்னாள். "பாட்டி தினமும் நூறு தடவை இழுக்கிறாங்கப்பா. காலையில நூறு, சாயங்காலம் நூறு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க."

உடனே அழைத்துப் போனோம். இந்த வகை மூட்டில் எல்லாப் பாரமும் டெல்டாய்டு மேல் விழுகிறது. அந்தத் தசை தொடங்கும் இடங்களில் ஒன்று தோளின் உச்சியில் கூரைபோல் நிற்கும் எலும்பு. தசையை அளவுக்கு மீறி இழுத்தால், வயதானவர்களின் மெலிந்த எலும்பில் கீறல் விழலாம். அப்படி விழுந்தால் மாதக்கணக்கில் பின்னடைவு. எக்ஸ்ரே எடுத்தார்கள். முடிவு வரும்வரை தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏம்மா இப்படிச் செஞ்சீங்க? பத்துன்னுதானே எழுதியிருக்கு?"

"பத்து இழுத்தா எப்பய்யா வீட்டுக்குப் போறது? முருங்கை எல்லாம் காஞ்சிருக்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு அது பயிற்சி இல்லை. நிறுவைக்குக் கொண்டுபோகிற பால். கூட இழுத்தால் சீக்கிரம் வீடு. எடை குறைந்தால் கூலி குறையும் என்பதே முப்பது வருடம் அவருக்குத் தெரிந்த கணக்கு.

இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மூன்று மாதத்தில் எனக்குள் ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. கை முழுதாகச் சரியாகாவிட்டால் அம்மா என்னோடேயே இருந்துவிடுவார் என்பதே அது. தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்ற பயம் எனக்கு. அதனால்தான் தட்டை எடுக்கப் போனால் நான் எடுத்தேன். சோற்றை நான் போட்டேன். தலைவார என் மனைவி வந்தாள். அன்பு என்று நாங்கள் நினைத்தோம். நீங்கள் இனி எதற்கும் ஆகமாட்டீர்கள் என்று சொல்வதாக அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. பயிற்சித் தாளை ஒட்டிய நான், ஒரு நாள்கூடப் பக்கத்தில் நின்று எண்ணவில்லை.

எக்ஸ்ரேயில் கீறல் இல்லை. தசைப்பிடிப்புதான். இரண்டு வாரம் பட்டையைத் தொடக் கூடாது என்றார்கள்.

மரத்தைத் தினமும் வெட்டுவார்களா?

அந்தப் பிசியோ பெண் இருபத்தைந்தைத் தாண்டாதவர். கோபப்படவில்லை. அம்மா மரம் வெட்டியவர் என்பதை நான் சொன்னதும், நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தார். அவருடைய தாத்தாவும் கம்பத்தில் இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்து வெட்டியவராம்.

"மக்சிக், ஒரே மரத்தை ஹாரி-ஹாரி தோரே செய்வீர்களா?" என்று மலாயும் சைகையுமாகக் கேட்டார்.

அம்மாவின் முகம் மாறியது. தொழில் தெரிந்தவரிடம் தொழில் கேள்வி கேட்டால் வரும் முகம் அது. "தினமும் வெட்டுனா மரம் என்னாத்துக்கு ஆகும்? இன்னைக்கு இந்த நிரை, நாளைக்கு அடுத்த நிரை. ஒரு நாள் விட்டாத்தான் பால் ஊறும்" என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஆழமாக வெட்டினால்?"

"மரம் காயம் பட்டுப் போவும். பட்டை மறுபடி முண்டும் முடிச்சுமா வளரும். அப்புறம் அந்த எடத்துல உளி ஓடாது. கங்காணி விடமாட்டாரு."

பிசியோ அம்மாவின் தோளைத் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல" என்றார்.

எந்த மருத்துவ விளக்கமும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. தசை வளர்வது இழுக்கும்போது அல்ல, இழுத்துவிட்டு ஓய்ந்திருக்கும்போதுதான். பயிற்சிக்குப் பிறகு லேசான உளைச்சல் இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் சரியான அளவு. மறுநாளும் வலித்தால் கூடுதலாகச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம். அடுத்த முறை குறைக்க வேண்டும். இது அம்மாவுக்குச் சொன்ன அளவு. மூட்டின் வகை, எலும்பின் பலம், மருத்துவர் செய்த முறை ஆகியவற்றைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் வாரக் கணக்கே மாறும். உங்கள் வீட்டாருக்கு உங்கள் மருத்துவர் சொல்வதே சட்டம்.

மறுபடி தொடங்கியபோது நாள்காட்டியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அம்மா ஒரு கோடு போட்டார். சாய்ந்த கோடு, மரத்தில் உளி இழுப்பதுபோல் இடது மேலிருந்து வலது கீழாக. கோடு போட்ட நாள் வெட்டு நாள். மற்றது ஓய்வு நாள். வெட்டு நாளில் காலை ஏழு மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் முன், நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். தோள் காது வரை ஏறினால் "தோளை எறக்குங்கம்மா" என்பது மட்டுமே என் வேலை. தட்டை அவரே எடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காருவது எனக்குத்தான் கடினமாக இருந்தது.

ஓய்வு நாள்களில் டி.ஆர். சீனிவாசகம் பூங்காவுக்கு நடக்கப் போனோம். ஆகஸ்டில் மஞ்சளிலிருந்து சிவப்புப் பட்டைக்கு மாறினார். நிறம் மாற மாற இறுக்கம் கூடும். அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலை மார்புவரைக்கும், பிறகு கண் மட்டத்துக்கும் தூக்கினார். பிறகு அலமாரியின் நடுத்தட்டில் மைலோ டின்னை அவரே வைத்தார்.

கிடைத்ததும் கிடைக்காததும்

செப்டம்பரில் ஒரு காலை, குளித்துவிட்டு வந்த அம்மா கண்ணாடி முன்னால் நின்றார். என் மனைவி சீப்போடு போனாள். அம்மா வாங்கிக்கொண்டார். வலது கை மெல்ல ஏறியது. காதைத் தாண்டியது. உச்சந்தலையில் கொஞ்ச நேரம் நின்றது. முடியைச் சுருட்டி, ஊசி செருகி, கையை இறக்கியபோது மூச்சு வாங்கியது. கொண்டை பழைய இடத்தில் இல்லை. முன்பு பிடரியில் இருக்கும். இப்போது நாலு விரல் மேலே. அதுவரைக்கும்தான் கை சௌகரியமாகப் போகிறது.

கிடைக்காதவையும் உண்டு. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது இன்னும் முழுதாக வரவில்லை. இந்த வகை மூட்டில் பலருக்கு அது வருவதில்லை. ரவிக்கைக்கு எல்லாம் முன்பக்கக் கொக்கி வைத்துத் தைத்துவிட்டோம். பத்துக் கிலோ அரிசி மூட்டையை இனி எப்போதும் தூக்கக் கூடாது. "எத்தனை மூட்டை தூக்கியாச்சு, போதும்" என்றார் அம்மா.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு அம்மாவைச் சுங்கை சிப்புட்டில் கொண்டுபோய் விட்டேன். போகும் முன் அவரே கேட்டார், "ஒனக்கு வருத்தமாய்யா?" என்று. இல்லை என்று சொன்னேன். அது பொய். ஆனால் அந்தக் கை எதற்காக இவ்வளவு பாடுபட்டது என்று தெரிந்த பிறகு வேறு எதைச் சொல்வது? முருங்கையில் ஒன்று காய்ந்திருந்தது. மற்றது பிழைத்திருந்தது. ஜன்னல் கம்பியில் சிவப்புப் பட்டையை நான் கட்டினேன். முடிச்சு சரியில்லை என்று அவர் அவிழ்த்து மறுபடி கட்டினார். பச்சைப் பட்டை உறையோடு பீரோவில் இருக்கிறது. பிசியோ சொல்லும்போதுதான் பிரிப்பார்.

தினமும் சாயங்காலம் போன் செய்கிறேன். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, பிறகு கடைசியாக அந்தக் கேள்வி. நேற்றும் கேட்டேன், பயிற்சி செஞ்சீங்களாம்மா என்று.

"இன்னைக்கு வெட்டு நாள் இல்லய்யா" என்றார் அம்மா. "நாளைக்குத்தான்."